அறுபத்து நான்கு மூச்சு

ஜெபா ஆன்ட்டி வீட்டு ஜன்னல் எப்போதும் சாத்தியே இருக்கும். மே மாதத்திலும் அப்படித்தான். மூன்று சந்து தள்ளி யாராவது செம்புக்காக ஒயரை எரித்தால், எங்களுக்கு வாடை எட்டுவதற்கு முன்னாலேயே அவருக்கு இருமல் தொடங்கிவிடும். "எவனோ கொளுத்துறான்ட்டி" என்பார். கால் மணி நேரத்தில் நானும் மூக்கைப் பொத்திக்கொள்வேன்.

அந்த மூக்கு தானாக வந்ததல்ல. அவருடைய அப்பா சாயர்புரத்திலிருந்து தாராவிக்கு வந்து, பிளாஸ்டிக்கைத் தரம் பிரிக்கும் குடோன் வைத்திருந்தார். உடைந்த வாளி, சீப்பு, பொம்மை, செருப்பு என்று மூட்டை மூட்டையாக வரும். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கும். ஒரு துண்டைத் தீக்குச்சியில் பற்றவைத்து, ஊதி அணைத்து, அந்தப் புகையை முகர வேண்டும். மெழுகுவர்த்தி வாசம் வந்தால் ஒரு மூட்டை. மூக்கைக் குத்தினால் பிவிசி, அது வேறு மூட்டை. ஜெபா ஆன்ட்டி தப்பே செய்யமாட்டாராம். அதனால் ஒன்பது வயதிலிருந்து பள்ளி விட்டதும் அவரைத்தான் உட்கார வைத்தார்கள். பதினான்கு வயதில் மூச்சிழுப்பு வந்தது. அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் உட்கார வைத்தார்கள். இதைச் சொல்லும்போது அவர் அப்பாவைத் திட்டியதில்லை. கேட்கிற எனக்குத்தான் கோபம் வரும்.

இழுப்பு இருந்த அதே நெஞ்சிலிருந்துதான் குரலும் வந்தது. சர்ச் கொயரில் பாடினார். 1982இல் ஒரு கிறிஸ்துமஸ் பாட்டுக் கச்சேரியில் அவர் பாடியதை ஹரிகிருஷ்ணன் என்பவர் கேட்டிருக்கிறார். மாட்டுங்காக்காரர், சினிமா ஆர்க்கெஸ்ட்ராக்களில் கீபோர்டு வாசித்தவர். அந்த வருஷம் பம்பாய் முழுக்க டிஸ்கோ. தமிழில் ஒரு டிஸ்கோ இசைத்தட்டு போட்டால் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் விற்கும் என்று அவர் நம்பினார். ஜெபா ஆன்ட்டியை தாதரில் ஒரு ஸ்டூடியோவுக்கு இரண்டு நாள் கூட்டிப்போனார். நான்கு பாட்டு.

பாடும்போது மைக்கில் சத்தம் விழும் என்று ஃபேனை நிறுத்திவிடுவார்களாம். அறை முழுக்கப் பழைய கார்ப்பெட்டும் பஞ்சும். கடைசிப் பாட்டு மெதுவானது. ரயில் போன பிறகு தண்டவாளத்தில் தங்கியிருக்கும் சூட்டைப் பற்றியது. இரண்டாவது சரணத்தின் முடிவில் மேல்ஸ்தாயியில் ஓர் இடத்தில் போய் நிற்க வேண்டும், வெகு நேரம். நின்றார். இறங்கியதும் இழுப்பு பிடித்துக்கொண்டது. வாயைத் திறந்து காற்றை இழுத்த சத்தம் மைக்கில் போய்விட்டது. எப்படியோ மிச்சம் இரண்டு வரியைப் பாடி முடித்தார்.

"இன்னொரு தடவ பாடட்டுமா சார்?"

"டைம் முடிஞ்சுடுத்து ஜெபா. பரவால்ல, யார் கவனிக்கப்போறா?"

இசைத்தட்டு வந்தது. உறையில் ஜிகினா போட்ட யாரோ ஒரு மாடல். பாடகி பெயர் 'மிஸ் ஜே'. விற்கவில்லை. ஆனால் விஷயம் மட்டும் கொயருக்குப் போய்விட்டது. டிஸ்கோ பாடின தொண்டையோடு பாமாலை பாட வேண்டாம் என்று சொல்லி அவரை நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு அவர் எங்கேயும் பாடவில்லை. கல்யாணம், ஒரு மகன், தேவ்நாரில் ஒரு மருந்துக் கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் மாத்திரை அட்டை சரிபார்க்கும் வேலை. கணவர் இறந்துவிட்டார். மகன் சான்பாடாவில் இருக்கிறார். ஆன்ட்டிக்கு இப்போது அறுபத்து மூன்று.

அவருக்கு நேர் எதிர் வீடு எங்களுடையது. பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். அவர் பாடுவார் என்பதே எனக்குத் தெரியாது, ரோஷன் வரும்வரை.

ரோஷன் செம்பூர்க்காரர். முப்பது வயது இருக்கும். தமிழ்க் குடும்பம்தான், ஆனால் தமிழ் படிக்க வராது. விளம்பரக் கம்பெனியில் வேலை. சனிக்கிழமைகளில் லோயர் பரேல் பக்கம் பார்களில் பாட்டுப் போடுவார். யாரும் சீண்டாமல் கிடக்கும் பழைய டிஸ்கோ, ஸோல் வகை இசைத்தட்டுகளைக் காயலான் கடைகளில் தேடி எடுப்பது அவருடைய பைத்தியம். எடுத்ததை ரீ-எடிட் செய்வார். அதாவது, டிரம்மைக் கனமாக்கி, வேண்டாததை வெட்டி, பிடித்த இடத்தைத் திரும்பத் திரும்ப வரவைத்து, ஆடுகிறவர்களுக்காக நீளமாக்கி இணையத்தில் போடுவது. குர்லாவில் ஒரு குவியலில் 'மிஸ் ஜே' அவருக்குக் கிடைத்திருக்கிறாள். ஹரிகிருஷ்ணன் இப்போது இல்லை. அவருடைய மகன் மூலமாக ஆன்ட்டியின் விலாசத்தைப் பிடித்திருக்கிறார்.

போன பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆன்ட்டி எங்கள் கதவைத் தட்டினார். "ஏட்டி சஃப்ரீன், ஒரு தம்பி இங்கிலீஷ்ல பேப்பர் கொண்டாந்திருக்கான். வந்து படிச்சுச் சொல்லு."

நான் போனபோது ரோஷன் அவர் காலைத் தொட்டுக்கொண்டிருந்தார். ஆன்ட்டி காலை உள்ளே இழுத்துக்கொண்டார். "ஐய, எந்திரி தம்பி. நான் என்ன சாமியா?"

"நீங்க லெஜன்ட் ஆன்ட்டி. சீரியஸா. பெர்லின்ல உங்க பாட்டுக்கு ஆடறாங்க."

"எங்க?"

"ஜெர்மனி."

"என் பாட்டுக்கா?" ஆன்ட்டி என்னைப் பார்த்தார். கொண்டையை அவிழ்த்து மறுபடி முடிந்தார். அவர் முகம் அப்படிச் சிவந்து நான் பார்த்ததில்லை. "அந்தக் கடைசிப் பாட்டா தம்பி? ரெண்டாவது சரணம் கேட்டியா? மேல போயி நிப்பேன்லா?"

"நீங்களே கேளுங்க" என்று சொல்லி ரோஷன் பையிலிருந்து சின்ன ஸ்பீக்கரை எடுத்துக் கட்டில்மேல் வைத்தார்.

தொடங்கிய உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பாட்டை நான் கேட்டிருக்கிறேன். எல்லாருடைய போனிலும் அது ஓடிக்கொண்டிருந்தது. பெண்கள் உதட்டைத் திறந்து, கண்ணைச் சொருகி, அதற்கு வாயசைத்து வீடியோ போடுவார்கள். சயான் ஸ்டேஷனில் ரயிலின் லேடீஸ் டப்பாவில் இரண்டு காலேஜ் பெண்கள் அதைச் செய்துகாட்டிச் சிரித்ததைப் பார்த்திருக்கிறேன். நானே ஒருமுறை காலால் தாளம் போட்டிருக்கிறேன். அதை நினைத்தால் இன்னும் கூசுகிறது.

ஆன்ட்டியின் குரல் இரண்டு வரி வந்தது. பிறகு டிரம். பிறகு அந்த மூச்சு. ஹா. மறுபடி ஹா. நாலு தாளத்துக்கு ஒருமுறை. நடுவில் டிரம்மை நிறுத்தி, மூச்சை மட்டும் தனியாக விட்டு, எதிரொலி போட்டிருந்தார். படுக்கையறைச் சத்தம் மாதிரி ஆக்கி வைத்திருந்தார். ஏழு நிமிஷம். பிறகு ஒருநாள் எண்ணிப் பார்த்தேன், அறுபத்து நான்கு.

ரோஷன் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார். ஆன்ட்டி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்ததும் கேட்டார்: "ரெண்டாவது சரணம்?"

"அது இதுல இல்ல ஆன்ட்டி. அங்க டிரம்ஸ் கொஞ்சம் லூஸ். மத்லப், அதாவது, ஆட்டத்தோட க்ரூவ் விழுந்துடும்."

"அந்தச் சத்தம் என்னன்னு தெரியுமா தம்பி?"

"அதுதான் பாட்டோட உயிரே! அவ்ளோ ராவா, அவ்ளோ..." என்னைப் பார்த்ததும் அடுத்த வார்த்தையை விழுங்கிக்கொண்டார். "ஸோல் ஆன்ட்டி. ப்யூர் ஸோல்."

ஆன்ட்டி தலையணை அருகிலிருந்து இன்ஹேலரை எடுத்தார். நிஜமாகவே அவருக்கு மூச்சு முட்டிக்கொண்டு வந்திருந்தது. வாயைத் திறந்து காற்றை இழுத்தார். ஸ்பீக்கரில் வந்த அதே சத்தம், நாற்பது வருஷம் முற்றிப்போய்.

"இதுதான்" என்றார், மருந்தை உறிஞ்சிய பிறகு. "இழுப்பு. வீசிங். சின்னதுல பிளாஸ்டிக் புகைய மோந்து மோந்து வந்தது."

ரோஷனுக்கு முகம் வெளுத்துவிட்டது. மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் போனை எடுத்தார்.

"ஆன்ட்டி, இது... இது இன்க்ரெடிபிள் கதை. தாராவி, புகை, ஆஸ்துமா, டிஸ்கோ. இத நாம கவர்ல எழுதணும். அந்தப் புகை விஷயம் இன்னொரு தடவ சொல்றீங்களா? ரெக்கார்ட் பண்ணிக்கறேன்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. உள்ளே வரும்போது செருப்பை ஒழுங்காக வரிசையில் விட்டவர், தண்ணீர் கொடுத்தபோது எழுந்து நின்று வாங்கியவர். அந்த மரியாதையோடேயே இதையும் கேட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"பேப்பர்ல என்னட்டி போட்டிருக்கு?" என்றார் ஆன்ட்டி.

படித்துச் சொன்னேன். ஐரோப்பாவில் ஒரு கம்பெனி இந்த ரீ-எடிட்டை இசைத்தட்டாகப் போடுகிறது. உரிமையை ஹரிகிருஷ்ணனின் மகன் ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டார். ஆன்ட்டியிடம் கேட்பது பெயரும் போட்டோவும் மட்டும். கையெழுத்துப் போட்டால் உறையில் ஜெபா என்று வரும், முகம் வரும். போடாவிட்டால் பெயர் இல்லாமல் இதே பாட்டு வரும்.

"அப்ப நான் வேண்டாம்னாலும் வரும்."

"வரும் ஆன்ட்டி" என்றேன்.

அவர் பேப்பரை ரோஷன் பக்கம் தள்ளினார். "அந்த மூச்ச எடுத்துட்டு, சரணத்தத் திருப்பிப் போட்டுக் கொண்டா. கையெழுத்துப் போடுதேன்."

ரோஷன் இரண்டு வாரம் கழித்து வந்தார். மாட்டுங்காவிலிருந்து ஒரு பெட்டி ஸ்வீட் வேறு. பெட்டியை யாரும் தொடவில்லை.

"பாதியாக்கிட்டேன் ஆன்ட்டி. முப்பத்திரண்டுதான் இருக்கு."

"ஒண்ணு வேணும்னா வெச்சுக்க."

"ஒண்ணு வெச்சா ஆள இழுக்கற ஹூக்கே போயிடும். பதினாறு?"

"ஏல, நீ என்ன மீனா வாங்குத?"

"ஆன்ட்டி ப்ளீஸ். கம்பெனிக்காரங்களும் ஒத்துக்கணும்ல? எட்டு. எட்டுக்குக் கீழ போனா யாரும் ஆட மாட்டாங்க."

"ஆடாண்டாம்" என்றார் ஆன்ட்டி. "எனக்கு அன்னைக்கு ஒருக்காதான் மூச்சு முட்டிச்சு. அதும் அந்தச் சரணத்தப் பாடினதுனால முட்டிச்சு. நீ பாட்டத் தூர எறிஞ்சுட்டு முட்டினத மட்டும் எடுத்து வெச்சிருக்க. நான் சாகக் கிடந்த சத்தத்துக்கு ஊரான் பிள்ளையெல்லாம் இடுப்ப ஆட்டுது. அதுக்குக் கீழ என் பேரப் போடணுமா?"

ரோஷன் பேப்பரை மடித்துப் பையில் வைத்தார். படியிறங்கும்போது நான் பின்னால் போய், அந்தப் பழைய பாட்டு முழுசாக வேண்டும் என்று கேட்டேன். அங்கேயே நின்று அனுப்பிவிட்டார். "ரொம்ப நல்லா பாடியிருக்காங்க" என்றார். தெரிந்துதான் வெட்டியிருக்கிறார்.

ஜூலையில் இசைத்தட்டு வந்தது. ரோஷனே கூரியரில் ஒன்று அனுப்பினார். உறையில் சிவப்புச் சாயம் பூசிய ஒரு வாய், திறந்தபடி. பாடகி என்ற இடத்தில் 'யாரென்று தெரியவில்லை' என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தார்கள். தெரியும் அவர்களுக்கு. ரோஷன் ஆன்ட்டி வீட்டில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனவர்தானே.

ஓடிக்கொண்டிருந்த ஒரு வீடியோவுக்குக் கீழே நான் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினேன்: இது மோகம் இல்லை, ஆஸ்துமா. பாடியவர் பெயர் ஜெபா. பதிலுக்கு மூன்று சிரிப்புப் பொம்மை வந்தது. ஒருவன், இது தெரிந்த பிறகு இன்னும் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தான். அதை ஆன்ட்டிக்குக் காட்டவில்லை.

அவர் வேறொன்று கேட்டார். "முழுப் பாட்ட நாமளே போட முடியுமாட்டி? இப்ப அந்த ஒரு மூச்சும் வேண்டாம். வெட்டிரு."

போனிலேயே வெட்டினேன். எனக்கு இந்த வேலை தெரியாது, ஒரு சாயங்காலம் முழுக்கப் பிடித்தது. மேலே நிற்கிற இடம் முடிந்து, மூச்சு இல்லாமல், நேராகக் கடைசி இரண்டு வரி. ஆன்ட்டி போனைக் காதோடு வைத்துக் கேட்டார். மறுபடி கேட்டார். முகத்தைச் சுளித்தார்.

"இடிக்குது. அவ்வளவு நேரம் நின்னுட்டு மூச்சே விடாம எவ பாடுவா? பொய்யால்லா இருக்கு."

"என்ன செய்யட்டும்?"

"திருப்பி வை. ஒருக்கா."

வைத்தேன். ஒரு பாட்டு ஆப்பில் ஏற்றினேன். பாடியவர் பெயரை அது கேட்டபோது, ஜெபா, தாராவி என்று போடச் சொன்னார். போட்டோ வேண்டாம் என்றார். ஒரு வாரத்தில் பதினொரு தடவை கேட்கப்பட்டிருந்தது. அதில் ஏழு நாங்கள்.

எட்டாவது தடவை அவர் கட்டிலில் உட்கார்ந்து கேட்டோம். கண்ணை மூடியிருந்தார். சரணம் வந்தபோது உதடு அசைந்தது. மேலே போய் நின்றபோது கையும் கூடவே கொஞ்சம் உயர்ந்தது. ஒரு மூச்சு வந்தது, தேவைப்பட்ட இடத்தில், தேவைப்பட்ட அளவுக்கு. கடைசி இரண்டு வரி. பாட்டு முடிந்தது. "பரவால்லட்டி, நல்லாத்தான் பாடியிருக்கேன்" என்றார். கண்ணைத் திறக்கவில்லை.

ஒரு பாட்டு முடிந்தால் அதுபோன்ற இன்னொன்றை அந்த ஆப் தானாகவே எடுத்துப் போடும் என்பது எனக்குத் தெரியும். நிறுத்தி வைக்கத் தோன்றவில்லை. டிரம் அடித்தது. ஹா. ஆன்ட்டி போனைப் பிடுங்கினார். எங்கே அமுக்கினால் நிற்கும் என்று அவருக்குத் தெரியாது. தலையணைக்கு அடியில் திணித்து அதன்மேல் இரண்டு கையையும் ஊன்றினார். பஞ்சுக்குள்ளிருந்து அது வந்துகொண்டே இருந்தது. "அமத்துட்டி, அமத்து" என்றார். அவர் கையை விலக்கினால்தான் நான் அமர்த்த முடியும். விலக்க மறுத்துவிட்டார்.