இரண்டு விலாசமுள்ளவர்களுக்கு ஓர் அறிவித்தல்

கணினித் தொழில்வல்லுநர்களுக்கான ஒழுக்கக்கோவையைக் கற்பிட்டிக் கடற்கரை ஹோட்டலொன்றில் கூடி முடிப்பதென்று எங்கள் குழு தீர்மானித்தபோது, என் மனைவியின் நாற்பதாம் நாள் கத்தம்கூட ஓதப்பட்டிருக்கவில்லை. ஆயினும் போனேன். முதல் வரைவை எழுதியவன் நான். அவளுடைய மரணத்தின் பின் அதில் ஒரு வாசகத்தைச் சேர்த்திருந்தேன்: மென்பொருளொன்றில் மனிதருக்குத் தீங்கு தரக்கூடிய குறையை அறிந்தவர், பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு அதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். அதைக் காப்பாற்றவே போனேன்.

அவள் தொண்ணூறாம் ஆண்டு வடக்கு முஸ்லிம்கள் எல்லோரோடும் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்துத் தில்லையடிக்கு வந்தவள். மன்னார் விலாசத்தைக் கைவிட்டால் திரும்பிப் போகும் உரிமையும் போய்விடுமென்று அஞ்சி, இரண்டையும் வைத்திருப்போர் எங்கள் பகுதியில் ஏராளம். அவளும் அப்படியே. தனியார் சிகிச்சை நிலையமொன்றின் பதிவு மேசையில் நடந்த பேச்சு இன்னும் காதில் இருக்கிறது.

“மாமி, ஒரு விலாசம் சொல்லுங்களே.”

“ஒண்டு நான் இருக்கிற வீடு, மத்தது என்ட ஊர். எத வெட்டச் சொல்றீங்க மகள்?”

அந்தப் பெண் சிரித்துவிட்டு ஒருமுறை ஒன்றையும் மறுமுறை மற்றதையும் பதிந்தாள். மென்பொருள் அவளை இரு பெண்களாக்கியது. இரத்தப் பரிசோதனையின் முடிவு மன்னார்ப் பெண்ணின் கோப்புக்குப் போயிற்று. வைத்தியர் திறந்தது தில்லையடிப் பெண்ணின் கோப்பை. அதில் அவள் சுகமாக இருந்தாள். தவறு வெளிப்பட்டபோது நோய் வைத்தியத்தைத் தாண்டியிருந்தது. அடக்கத்துக்குப் பின் அந்த வைத்தியரே வந்து சொன்னார்: மென்பொருளின் குறை, யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. தெரிந்திருந்தால் என்ற எண்ணத்திலிருந்தே என் வாசகம் பிறந்தது.

மதியச் சாப்பாட்டு மேசையிலேயே அது விவாதத்துக்கு வந்தது. எதிரே அமர்ந்திருந்தவர் மென்பொருள் நிறுவனமொன்றின் முகாமையாளர். நண்டுக்காலைக் கடித்து உடைத்தபடி பேசினார்.

“சேர், வசனம் வடிவா இருக்கு. ஆனா சரிவராது. உங்கட புத்தளத்துப் பக்கத்திலயே ஒண்டு நடந்திச்சு. அங்க சனம் ஆளுக்கு ரெண்டு விலாசம் வெச்சிருக்குது. எங்கட சிஸ்டம் ஒராளை ரெண்டாளாக்கிப் போட்டுது. எங்கட இஞ்சினியர் ஒராள் முதலே கண்டுபிடிச்சுச் சொன்னவர். சத்தமில்லாம அடுத்த பதிப்பில திருத்துவம் எண்டு விட்டம். வெளிய சொல்லியிருந்தா ஒரு கிளினிக்காவது எங்களோட நிண்டிருக்குமா?”

“சனத்தொகையைக் கூட்டினதுக்கு அரசாங்கம் விருதெல்லோ தந்திருக்க வேணும்” என்றார் இன்னொருவர். மேசை சிரித்தது.

“ரெண்டாப் போன ஆக்களுக்குச் சொன்னீங்களா?” என்று கேட்டேன்.

“அவங்களுக்கு இதெல்லாம் விளங்குமா சேர்?”

“இப்ப திருத்தியாச்சா?”

“புதுசாப் பதியிற ஆக்களுக்குத் திருத்தியாச்சு. பழசு அப்பிடியேதான் கிடக்கு.”

என் மனைவியைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. சப்பித் துப்பிய ஓடுகளுக்கு நடுவே அவளுடைய ஜனாஸாவைக் கிடத்தி ஒரு வாக்குக் கேட்பதை நினைக்கவே அருவருத்தது. தட்டைத் தள்ளி வைத்தேன்.

குழுத் தலைவர் சமாதானம் செய்தார். “‘பாதிக்கப்படக்கூடியவர்கள்’ எண்டதை எடுத்திட்டு ‘தொழில் வழங்குநர்’ எண்டு போடுவம். ஆருக்கும் நோகாது.” எண்ணெய் வழியும் விரல்கள் உயர்ந்தன. வாடிக்கையாளரின் இரகசியத்தை வெளியிடலாகாது என்ற அடுத்த வாசகம் விவாதமின்றியே நிறைவேறியது.

கோவையிலிருந்து என் பெயரை நீக்கிவிடும்படி சொன்னேன்.

“சேரிட பேர் இல்லாட்டி இதுக்கு ஒரு மதிப்பில்லையே” என்றார் தலைவர்.

“அதுக்குத்தான்” என்று சொல்லி எழுந்தேன்.

தில்லையடிக்குத் திரும்பும் வழியில் பாலாவிச் சந்தி வரை பஸ்ஸில் நின்றபடி வந்தேன். இருக்கை கிடைத்தும் உட்கார மனம் வரவில்லை. வீட்டுக்குப் போகாமல் நேரே எங்கள் பள்ளிவாசலின் நிர்வாகத் தலைவரிடம் போனேன். ஊரில் யாராவது இறந்தால் மவுத்துச் செய்தி அறிவிக்கும் ஒலிபெருக்கியில் வேறோர் அறிவித்தல் செய்ய வேண்டுமென்று கேட்டேன். தயங்கினார்.

“சேர், கிளினிக் கதை பள்ளிக்குரிய விசயமா?”

“அவ மவுத்தானத அதிலதானே சொன்னீங்க. அதுக்கு முந்திச் சொல்லியிருக்க வேண்டியது இது.”

அவர் இணங்கினார். பின்னேர அஸர் தொழுகைக்குப் பின் தில்லையடி முழுவதும் கேட்டது: அந்தச் சிகிச்சை நிலையத்தில் ஊர் விலாசமும் வீட்டு விலாசமும் கொடுத்தவர்கள் நாளைக்கே போய், தங்கள் பெயரில் இரண்டு கோப்புகள் உள்ளனவா என்று பார்க்கச் சொல்லவும்.

மறுநாள் காலை பதிவு மேசையின் முன் வரிசை தெருவரை நீண்டது. பெண்களே அதிகம். அவர்களில் ஒருத்தியை அன்றே கொழும்புப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள் என்று பின்னர் கேள்விப்பட்டேன்.

பின்னேரம் முகாமையாளர் தொலைபேசியில் அழைத்தார். கோபப்படவில்லை. மனம் நொந்தவரைப் போலவே பேசினார்.

“சேர், எங்கட வாடிக்கையாளரிட விசயத்தைப் பள்ளி ஸ்பீக்கரில சொல்லியிருக்கிறீங்க. இது ஒழுக்கக்கோவைக்கு விரோதமில்லையா?”

“ஓம், விரோதம்தான்” என்றேன். நிறைவேற்றப்பட்ட கோவையில் அப்படித்தான் இருந்தது.