மஞ்சக்குப்பத்தில் பெட் ஃபெஸ்டிவல்

நாய்க்குச் சட்டை மாட்டி ஊருக்குள் அழைத்துப் போனால் ஜனங்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. போன ஞாயிறு சாயங்காலம் வரை.

இடம்: கடலூர், மஞ்சக்குப்பம் மைதானம். நானும் என் மனைவி தமிழரசியும் நிற்கிறோம். நடுவில், கயிற்றின் முனையில், சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு மோக்கா. வாசலில் நின்ற செக்யூரிட்டி முதலில் நாயைப் பார்த்தார். பிறகு சட்டையைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை மறக்க எனக்கு இன்னும் பத்து நாளாவது ஆகும்.

ஆரம்பத்திலிருந்தே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என்னைத்தான் பைத்தியம் என்பீர்கள்.

மோக்கா எங்கள் நாய் இல்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் நிவேதாவின் நாய். பீகிள் ஜாதி. ஆபீஸில் அவளை வெளிநாட்டுக்கு அனுப்பியபோது, "ஆறே மாசந்தாம்ப்பா" என்று சொல்லி, செம்மண்டலத்தில் எங்கள் ஃப்ளாட்டில் கொண்டுவந்து விட்டுப் போனாள். இப்போது பதினான்காவது மாதம் நடக்கிறது. கேட்டால், "எக்ஸ்டெண்ட் பண்ணிட்டாங்கப்பா, நான் என்ன பண்ண?" என்கிறாள். நான் என்ன பண்ண என்று யாராவது கேட்டார்களா?

மோக்கா என்பது ஏதோ காபியின் பெயராம். எங்கள் அபார்ட்மென்ட்டில் அது யார் வாயிலும் நுழையவில்லை. கீழ் வீட்டுக்காரர் 'மொக்க' என்றே கூப்பிடுகிறார். அதுவும் வாலை ஆட்டிக்கொண்டு அவரிடம் ஓடுகிறது. மானங்கெட்ட நாய்!

கடிக்காது. திருடாது. ஒரே ஒரு கோளாறுதான் – தனியாக விட்டால் ஊளையிடும். கதவைப் பூட்டிவிட்டு நாங்கள் லிஃப்டுக்குள் நுழைவதற்குள் ஆரம்பித்துவிடும். திரும்பி வரும்வரை நிறுத்தாது. முதல் முறை நாங்கள் இருவரும் வெளியே போய்விட்டு வந்தபோது, எங்கள் வாசலில் மூன்று குடும்பங்கள் நின்றுகொண்டிருந்தன. உள்ளே யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தார்களாம்.

அன்றோடு சரி. அதற்குப் பிறகு ஒருவர் போனால் ஒருவர் வீட்டில். உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம் என்றால் ரிசப்ஷனுக்கு நான், முகூர்த்தத்துக்கு அவள். இருவரையும் ஒன்றாகப் பார்க்காத என் சித்தி, எங்களுக்குள் ஏதோ மனஸ்தாபம் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

கூடவே அழைத்துப் போனால் என்ன என்கிறீர்களா? போனோமே! போன மாதம் சிதம்பரத்துக்குப் போனோம். கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் நல்ல ஓட்டல். வாசலிலேயே தடுத்துவிட்டார்கள்.

"நாயெல்லாம் உள்ள வரக்கூடாது சார்."

"வெளியில ரெண்டு சேர் போடுங்களேன். இங்கயே உக்காந்து சாப்பிட்டுக்கறோம்."

"ஓனர் திட்டுவாரு சார்."

ஆக, ஷிஃப்ட் முறை. தமிழரசி உள்ளே போய்ச் சாப்பிட்டாள். நான் காரில் ஏசியைப் போட்டு, நாயோடு உட்கார்ந்திருந்தேன். பிறகு அவள் காருக்கு வந்தாள், நான் போனேன். அதே டேபிள். அதே சர்வர். தண்ணீர் வைத்துவிட்டு என் காதருகே குனிந்தார்.

"ஒங்க வூட்டம்மா இப்பதான் தனியா சாப்ட்டு எழுந்து போறாங்க. நீங்க தனியா வர்றீங்க. எதாச்சும் கோவமா சார்?"

"இல்லப்பா, எல்லாம் அந்த நாயாலதான்" என்றேன்.

அவர் முகம் மாறிப்போனது. கட்டின பெண்டாட்டியையே நாய் என்கிறானே என்று நினைத்திருப்பார். அதற்குப் பிறகு எனக்குச் சாம்பார் வரவே இல்லை.

இதற்கு நடுவே என் மகள் வேறு, பெங்களூரில் எடுத்த பழைய வீடியோக்களை அனுப்பிக்கொண்டே இருக்கிறாள். அங்கே நாய்களுக்கென்றே 'பெட் ஃபெஸ்டிவல்' என்று திருவிழா நடக்கிறதாம். ஆயிரம் நாய்கள் தொப்பி போட்டுக்கொண்டு திரிகின்றன. ஓட்டலில் நாய்க்குத் தனி மெனு கார்டு. மோக்கா சேரில் உட்கார்ந்து எதையோ நக்குகிறது. எதிரில் நிவேதா நிம்மதியாக பாஸ்தா சாப்பிடுகிறாள். எவ்வளவு நிம்மதி பாருங்கள்! தமிழரசி அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்ப்பாள். நாயைப் பார்க்கிறாள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிறு எங்கள் கல்யாண நாள். இருபத்தெட்டு வருஷம். என்ன வேண்டும் என்று ஒரு வாரம் முன்னதாகவே கேட்டேன்.

"பொடவ வேணாம். நக வேணாம். ஒரு வேள... ஒரே ஒரு வேள நீங்களும் நானும் எதுருக்கெதுர உக்காந்து, யாராச்சும் சுடச்சுட கொண்டாந்து வைக்க, ஒன்னா சாப்டணும். அவ்ளோதான்."

எனக்குச் சுருக்கென்றது. வாரத்தில் ஆறு நாள் காலை ஐந்து மணிக்கு எழுந்து சமைத்து வைத்துவிட்டு ஆபீஸ் போகிறவள். இதுகூட முடியாதா நம்மால்? போனை எடுத்தேன். கடலூரிலிருந்து சிதம்பரம் வரை எட்டு ஓட்டல்களுக்கு அடித்தேன். நாய் என்றதும் ஏழு பேர் வைத்துவிட்டார்கள். எட்டாமவர் மட்டும் பொறுமையாக, "பார்சல் வாங்கிட்டுப் போயி நாயோட சேந்து சாப்டுங்க சார்" என்றார்.

அப்போதுதான் அந்த வாட்ஸ்அப் வந்தது. அனுப்பியவன் என் மச்சான் குமரேசன். தமிழரசியின் தம்பி, காடாம்புலியூரில் முந்திரி வியாபாரம். 'கடலூரில் முதன்முறையாக மாபெரும் பெட் ஃபெஸ்டிவல்! மஞ்சக்குப்பம் மைதானத்தில்! குடும்பத்துடன் வாருங்கள்! ஃபுட் கோர்ட் உண்டு!' கூடவே மங்கலாக ஒரு படம். டேட்டா தீர்ந்துவிடும் என்று நான் எந்தப் படத்தையும் டவுன்லோட் செய்வதில்லை.

தமிழரசி துள்ளிக் குதித்தாள். "பாத்தீங்களா? நம்ம ஊருக்கும் வந்துடுச்சு! ஃபுட் கோர்ட்டும் இருக்காம்!"

இந்தத் தடவை ஏமாறக் கூடாது என்று, அதிலிருந்த நம்பருக்கு நானே போன் செய்தேன். பின்னணியில் மைக் செட் அலறிக்கொண்டிருந்தது.

"நம்ம பெட் கொண்டுவரலாங்களா?"

"தாராளமா கொண்டாங்க சார். எத்தினி வருஷம் ஆச்சு?"

"நாலு."

"சிங்கிளா, டபுளா?"

"சிங்கிள்தான். அதையே சமாளிக்க முடியல."

"மூட்டப்பூச்சி எதாச்சும்...?"

"ஒண்ணு ரெண்டு உண்ணி இருந்துது. மருந்து போட்டாச்சு."

"அப்ப ஓகே சார்."

என்ன ஒரு அக்கறை! எனக்குப் புல்லரித்தது. முக்கியமான கேள்விக்கு வந்தேன். "ஃபுட் கோர்ட்ல பெட்டோட உக்காந்து சாப்பிடலாமா?"

"பெட்டுல எதுக்கு சார் உக்காரணும்? டேபிள் சேரே போட்டிருக்கோம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பழச இங்கயே போட்டுட்டு புதுசா ஒன்னு எடுத்துட்டுப் போயிடுங்க சார். எக்ஸ்சேஞ்ச் இருக்குது" என்றார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. நாயை எக்ஸ்சேஞ்ச் செய்வதா? மனிதனா இவன்? பட்டென்று வைத்துவிட்டேன். தமிழரசியிடம் சொல்லவில்லை. சொன்னால் வரமாட்டாள். ஒரே ஒரு விநாடி நானும் யோசித்தேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். பதினான்கு மாதம் ஐயா!

மைதானத்துக்குள் நுழைந்ததும் நாங்கள் பார்த்தது என்ன தெரியுமா? மெத்தை. பந்தலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெத்தை. ஸ்பிரிங் மெத்தை, இலவம்பஞ்சு மெத்தை, சுருட்டி வைத்த மெத்தை. கட்டில்கள். தலையணை மலை. மேலே ஒரு பெரிய பேனர், தமிழிலும் இங்கிலீஷிலும். இங்கிலீஷில் படித்தபோதுதான் மரமண்டைக்கு உறைத்தது. அது நாய் பெட் இல்லை. படுக்கிற பெட்!

இங்கிலீஷ்காரன் இரண்டுக்கும் வேறு வேறு எழுத்து வைத்திருக்கிறான். நம்மிடம் இரண்டுக்கும் ஒரே பெட்தான். இத்தனை வருஷம் பத்திரிகையில் வாராவாரம் தமிழில் பத்தி எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

மச்சானுக்குப் போன் போட்டேன். "முதுகு வலி, முதுகு வலின்னு பொலம்பிக்கிட்டே இருப்பீங்களே மாமா, அதான் அனுப்புனேன். கட்டில் படமும் சேத்துதான அனுப்புனேன்... பாக்கலியா?" என்றான். போனை வைத்தேன்.

அதற்குள் கயிறு என் கையிலிருந்து நழுவிவிட்டது. மோக்கா நேராக ஓடி, இருப்பதிலேயே உசத்தியான மெத்தையில் ஏறி, இரண்டு சுற்றுச் சுற்றிப் படுத்துவிட்டது. ஒரு சேல்ஸ்மேன் தலையில் கையை வைத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"சார்! சார்! அது ஆர்த்தோ பெட்டு சார்!"

குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது, போனில் பேசியவர். என் குரலைக் கேட்டதும் அவருக்கும் தெரிந்துவிட்டது. மோக்காவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"சிங்கிள்... நாலு வருஷம்... உண்ணி..." என்று முணுமுணுத்தவர், அப்படியே பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். தமிழரசிக்கும் சிரிப்பு. எனக்கு மட்டும் வரவில்லை. கல்யாண நாள் அதுவுமாக மெத்தைக் கடைக்கு அழைத்து வந்திருக்கிறேன். இனி வீட்டுக்குப் போய் அவளே தோசை ஊற்ற வேண்டும். அழுகைதான் வந்தது.

"நாய உள்ள வுடக் கூடாதுன்னு ரூல்ஸ் எதாச்சும் இருக்கா?" என்று அவரிடம் கேட்டேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதுவரைக்கும் யாரும் கொண்டாரல சார். அதனால ரூல்ஸ் போடல. ஃபுட் கோர்ட்டு பின்னாடி இருக்குது, போங்க."

போனோம். திறந்தவெளி, பிளாஸ்டிக் டேபிள்கள். அங்கே டேபிள்களுக்கு அடியில் ஏற்கெனவே மூன்று தெருநாய்கள் இருந்தன. ஒன்று பரோட்டா தின்றது. ஒன்று தூங்கியது. ஒருவரும் அவற்றை ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. எங்கள் ஊருக்கு நாயோடு எந்தப் பகையும் இல்லை. ஆள் துணை இல்லாமல் வருகிற நாய் எங்கே வேண்டுமானாலும் போகலாம். நாய்க்குச் சொந்தக்காரன் என்று ஒருவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தால்தான் ஓனர் திட்டுவார்.

தோசைக் கடைக்கார அம்மா மோக்காவை எட்டிப் பார்த்தார். "கடிக்குமா?"

"கடிக்காதுங்க."

"அப்பறம் என்னா? உக்காருங்க."

உட்கார்ந்தோம். எதிரெதிரே. ஒரே நேரத்தில். கயிற்றை டேபிள் காலில் கட்டினேன். வெங்காய ஊத்தப்பமும் மசால் தோசையும் ஆவி பறக்க வந்து இறங்கின. வேறொருத்தர் வைத்த தட்டைத் தமிழரசி இரண்டு கையாலும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எழுதக் கூச்சமாக இருந்தாலும் அதுதான் உண்மை.

ஆனால் நான் சும்மா இருக்கிற ஆளா? ஆரம்பித்தேன். "பாத்தியா தமிழு? இதுக்குப் பதினாலு மாசம் ஆயிருக்கு. ஒரு நாயால நம்ம ரெண்டு பேரும்..."

"கொஞ்சம் இருங்க" என்றாள். "நாய் வந்து பதினாலு மாசம். சரி. அதுக்கு முன்னாடி நீங்களும் நானும் மட்டும் கடைசியா எப்ப வெளிய வந்து சாப்ட்டோம்?"

யோசித்தேன். நிவேதாவைக் காலேஜில் சேர்த்த அன்று... அன்று மூன்று பேர். மச்சான் கல்யாணத்துக்குத் துணி எடுத்த அன்று... அன்று ஒரு வேன் நிறைய ஆட்கள். இன்னும் யோசித்தேன். ஊத்தப்பம் ஆறிக்கொண்டிருந்தது.

"ஞாயித்துக்கெழம ஆனா, 'நாளைக்குப் பத்தி அனுப்பணும், தொந்தரவு பண்ணாத'ன்னு ரூமுக்குள்ள போயி கதவ சாத்திக்குவீங்க. ஒன்னு ரெண்டு வருஷமா? இருபது வருஷம். அப்பல்லாம் எந்த நாய் இருந்துச்சு? இது வந்தப்பறந்தான் என்ன எங்கயாச்சும் கூட்டிட்டுப் போவணும்னு ஒங்களுக்குத் தோணியே இருக்கு. அதப் போயி திட்டிக்கிட்டு..."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குச் சண்டை பிடித்திருப்பேன். அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, தோசையைப் பிட்டுச் சட்னியில் தொட்டுக்கொண்டாள். எட்டு ஓட்டல்காரர்களைத் திட்டியிருக்கிறேன். மகளைத் திட்டியிருக்கிறேன். நாயைத் தினமும் திட்டுகிறேன். ஒரு ஆளை மட்டும் விட்டுவிட்டேன். ஆறிப்போன ஊத்தப்பத்தைப் பிட்டுச் சாப்பிட்டேன். அன்று நாங்கள் வீட்டுக்குக் கிளம்ப ஒன்பது மணி ஆனது.

இந்த வாரப் பத்தி ஒரு நாள் தாமதமாக வந்ததற்கு ஆசிரியர் மன்னிக்கவும். இனி எல்லா வாரமும் தாமதமாகத்தான் வரும்.