எழுபதுக்கு மேல் ஒரு சந்தனப் பொட்டு

எங்கள் பழைய காரின் ஸ்பீட் மீற்றர் ஊசி அசையாமல் கிடந்தது. ஞாயிறு ஞாயிறாக முற்றத்தில் டாஷ்போர்டைக் கழற்றி, கையைக் கிழித்து, திருகாணிகளைத் தொலைத்து, கேபிளை மாற்றினேன். ஒருவழியாக ஊசி எழுந்தது.

வெள்ளிக்கிழமை கீரிமலைக் கோயிலுக்குப் போக ஏறினால், மீற்றர் கண்ணாடியில் எழுபதுக்கு மேலுள்ள இலக்கங்களை மறைத்துத் தடித்த சந்தனப் பொட்டு!

"என்னப்பா இது? நான் பட்ட பாடு தெரியாதே?" மனைவியிடம் கத்திக்கொண்டே துணியை எடுத்தேன்.

"சாமிக்கு வைச்ச சந்தனம், அழிக்காதேங்கோ. எழுபதுக்கு அங்காலை இருக்கிற நம்பர் எங்களுக்கு என்னத்துக்கு? தம்பியின்ரை காரிலை மீற்றர் நல்லாத்தானே வேலை செய்தது."

கொடிகாமத்தில் காரை வேகமாக ஓட்டிச் செத்துப்போன தன் தம்பியைப் பற்றி அவள் அன்றுதான் வாய் திறந்தாள்.

துணியை வைத்துவிட்டேன். ஒவ்வொரு வெள்ளியும் புதுப் பொட்டு வைக்கிறாள். எனக்கு எரிச்சல் இன்னும் போகவில்லை. ஆனால், ஊசி ஒருநாளும் அந்தப் பொட்டுக்குள் போனதில்லை.