மைக்கில் வந்த பெயர்

சோமனூர்த் தறிக்குடோனில் பக்கத்தில் நிற்பவரிடம் பேசவே கத்த வேண்டும். எங்கள் தெரு செவ்வந்தி அக்கா அந்தச் சத்தத்திலும் பாடுவாள். தறி அடிப்பதுதான் அவளுக்குத் தாளம். அதைக் கேட்டுத்தான் மெல்லிசைக் குழு நடத்திய ஈஸ்வரமூர்த்தி அவளை மேடையேற்றினார். கோயில் நோம்பி, கல்யாணம், தேர்தல் வந்தால் தலைவர் வரும்வரை கூட்டத்தைக் கலையவிடாமல் வைத்திருக்கும் பாட்டு, எல்லாம் பாடினாள்.

தொண்ணூற்றாறு தேர்தலின்போது அவளாகவே ஒரு பாட்டுக் கட்டினாள்.

கண்ணாடி கிளாசு உள்ளார, அலுமினியம் வெளியில,
ஒரே பாலு, ஒரே தூளு, கொதிச்சதெல்லாம் ஒரே சட்டியில.

திருமலைசாமியின் டீக்கடையில் எங்கள் தெரு ஆட்களுக்குத் தனி டம்ளர். கூரையோரத் தகரத்தில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். நாமே எடுத்து நீட்டி, குடித்து, கழுவிக் கவிழ்த்துவிட்டு வர வேண்டும். அவள் அப்பா மருதாசலம் தினமும் அப்படித்தான் குடித்தார். அவர் ஒருநாளாவது கண்ணாடி கிளாசில் குடித்துவிட வேண்டும், அதற்காகத்தான் அந்தப் பாட்டு.

திருமலைசாமி ஒரு கட்சியின் கிளைச் செயலாளரும்கூட. அந்தக் கட்சியின் சந்தைத் திடல் கூட்டத்தில் அவள் பாடி முடித்ததும் அவர்தான் பலமாகக் கை தட்டினார். மைக்கை வாங்கிக்கொண்டு, "கெழக்க ஊருகள்ல இன்னும் இப்படித்தானுங்க நடக்குது! நம்ம ஆட்சி வந்தா இதெல்லாம் ஒழிச்சுப்போடுவோம்" என்றார். நாங்கள் நின்ற பக்கம் யாரும் சிரிக்கக்கூட இல்லை.

பிறகு அவர் கடையிலிருந்தே குழுவுக்கு டீ வந்தது. கீபோர்டுக்காரருக்கும் டிரம்ஸ்காரருக்கும் கண்ணாடி கிளாஸ். அக்காவுக்கு அலுமினிய டம்ளர், தகரத்தில் கவிழ்ந்திருக்குமே, அதில் ஒன்று. ஈஸ்வரமூர்த்தி அதைப் பார்த்துவிட்டு மைக் வயரைச் சரிசெய்யக் குனிந்துகொண்டார்.

அக்கா குடித்து முடித்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அண்ணா, அதே பாட்ட மறுக்காப் பாடறேனுங்க."

"வேண்டாம் அம்மணி. மாரியம்மன் நோம்பிக் கச்சேரிக்கும் அவருதான் சொல்லியிருக்காரு. சோத்துல மண்ண அள்ளிப் போட்றாத."

அவள் பாடிவிட்டாள். இந்த முறை 'வெளியில' என்ற இடத்தில் 'திருமலைசாமி கடையில' என்று பாடினாள்.

எங்கள் பக்கத்துக் கச்சேரிகளில் நன்கொடை தந்தவர் பெயரைப் பாட்டுக்குள் சேர்த்துப் பாடுவது வழக்கம். பெயர் வந்தால் அவர் எழுந்து கும்பிடுவார், கூட்டம் கை தட்டும். திருமலைசாமியும் எழுந்து நாலு பக்கமும் கும்பிட்டார். கூட்டமும் தட்டியது. மேடைக்கு ஒரு துண்டு கொடுத்தனுப்பி அக்காவுக்குப் போர்த்தவும் சொன்னார்.

விடிந்ததும் கடையில் கேலி ஆரம்பித்துவிட்டது.

"ஏனுங்க, மைக்குல உங்க பேரு வந்துச்சாமா? கும்பிடு வேற போட்டீங்களாமா?"

"அட, எந்திரிச்சு நின்னில்ல ஒத்துக்கிட்டாரு!"

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. அன்று சாயங்காலமே தகரத்திலிருந்த டம்ளர்களெல்லாம் போய்விட்டன. தெருவே பார்க்கப் போனது. தகரம் இருந்த இடத்தில், குடித்ததும் எறிகிற பிளாஸ்டிக் கப்புகளைச் சரமாகத் தொங்கவிட்டிருந்தார்கள். எங்களுக்கு மட்டும் அது. உள்ளே கண்ணாடி கிளாஸ் அப்படியே இருந்தது.

"இப்பத் திருப்திங்களா?" என்று மருதாசலத்திடம் மரியாதையாகவே கேட்டாராம் திருமலைசாமி.

மருதாசலம் வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னார்: "கழுவற வேல இல்ல கண்ணு. ஒரு வகைக்கு நல்லதுதான்."

அக்கா, "செரிங்கப்பா" என்றாள்.

ஈஸ்வரமூர்த்தி அதன் பிறகு அவளைக் கூப்பிடவில்லை. நோம்பிக்கு வேறு பெண் வந்து பாடினாள். அக்கா குடோனுக்குப் போகிறாள், வருகிறாள். தறிச் சத்தத்தில் இப்போது அவள் குரல் கேட்பதில்லை. "ஏக்கா பாடறதில்ல?" என்று கேட்டேன். "நூலு அறுந்துச்சு பாரு" என்று தறிப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மருதாசலத்துக்கு அந்தக் கப்பைத் தூக்கியெறிய மனம் வருவதில்லை. குடித்துவிட்டுக் கழுவி வீட்டுக்குக் கொண்டுவந்து ஜன்னலில் கவிழ்த்து வைக்கிறார். பழைய பழக்கம். அக்கா தினமும் அதை ஒதுக்கிவிட்டுத்தான் ஜன்னலிலிருக்கும் சீப்பை எடுக்கிறாள்.