குளிரை நம்பி மிதித்த பாத்தி

எங்கள் உப்பளத்தில் மழை முடிந்ததா என்று காலண்டரைப் பார்த்துச் சொல்ல மாட்டோம். விடியற்காலையில் பாத்தியில் தேங்கி நிற்கும் தண்ணீரில் வெறுங்காலை வைப்போம். குளிர் எலும்பு வரை கடித்தால் வானம் வெளுத்துவிட்டது, இனித் தண்ணீரை இறைத்து, உப்பு விளையத் தரையை மிதித்து இறுக்கலாம் என்று அர்த்தம்.

பத்துப் பன்னிரண்டு வருடமாகத் தண்ணீர் ஒழுங்காகக் கடிப்பதே இல்லை. மார்கழியிலும் ஃபேன் போட்டுத் தூங்குகிறோம். குளிர் குறைந்ததா, வயதாகி என் கால்தான் மரத்துப்போனதா என்று குழம்பி, பக்கத்துப் பாத்திக்காரரைக் காலை வைக்கச் சொன்னேன். அவரும் உதட்டைப் பிதுக்கினார்.

மிதிப்பது நானும் என் மனைவியும்தான். இந்த வருடம் அவளுக்கு முட்டி தேய்ந்துவிட்டது. பாத்தியை ஒரு தடவை மிதித்து முடிக்கலாம், மறுபடி மிதித்தால் நடையே போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே நாள் பார்க்கிற பொறுப்பு என் தலையில்.

மார்கழிக் கடைசியில் ஒரு நாள் தண்ணீர் வெடுக்கென்று கடித்தது. அப்படியொரு குளிர் சின்ன வயதில்கூட எனக்கு ஞாபகமில்லை. மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன், குறையவில்லை. தலைகால் புரியாத சந்தோஷத்தில் இறங்கி ஐந்து நாள் மிதித்தோம். ஆறாம் நாள் மேகம் கூடி, கொட்டித் தீர்த்து, இறுக்கிய தரையெல்லாம் சேறாகிவிட்டது.

புதுச்சேரியில் வேலை பார்க்கும் மகளிடம், மழையை அவள்தான் அனுப்பியதுபோல் போனில் கத்தினேன். அவள் நிதானமாக விளக்கினாள். மேகமில்லாத இரவில் தரைச்சூடு மேலே போய்விடுமாம், வடக்கிலிருந்து வறண்ட காற்றும் சேர்ந்தால் கடுங்குளிராம். இப்போது உலகமே சூடாகி, கடலும் சூடாகவே கிடப்பதால் ஈரமும் மேகமும் சீக்கிரம் திரும்பி வந்து, போர்வை மாதிரி மூடிக்கொள்கின்றனவாம்.

"குளுந்தா மழ முடிஞ்சிச்சின்னு இனிமே நம்ப முடியாதுப்பா," என்றாள்.

பாதிதான் புரிந்தது. உலகம் சூடாகிறது என்கிறாள், நானோ பல் கிட்டிக்க நின்றேன். எதை நம்புவது?

நாலு நாள் கழித்து மறுபடியும் தண்ணீர் கடித்தது. இறங்குவதா வேண்டாமா என்று வரப்பில் விழித்துக்கொண்டு நின்றேன். மனைவி பின்னால் வந்து, "என்னாங்க, எறங்கலாமா?" என்றாள்.

"தெரியல," என்றேன். முப்பது வருடத்தில் அவளிடம் நான் அப்படிச் சொன்னதில்லை.

 அவள் ஒரு பழந்துணியால் முட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, என் தோளைப் பிடித்துச் சேற்றில் இறங்கினாள். தடுத்திருக்க வேண்டும். நான் தோளைக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.