பென்னலூர்ப் பள்ளமும் சாக்பீஸ் வட்டங்களும்

இன்று பென்னலூர் அருகே, கணவரின் 1991 மாடல் காரைப் பெரிய பள்ளத்தில் இறக்கிவிட்டேன். வந்த சத்தத்தில் பதறிப்போய் ஓரம் கட்டினேன்.

ஷிப்ட் பஸ்ஸுக்காக நின்றிருந்த கார் கம்பெனி ஊழியர்கள் இருவர் ஓடிவந்தார்கள். ஒருவர் குனிந்து அடியில் பார்த்தார்.

"வீலு, அடி எல்லாம் ஓகே மேடம். பயப்படாதீங்க."

சட்டையில் 'குவாலிட்டி செக்' பேட்ஜ் குத்தியிருந்த மற்றவருக்குத் திருப்தியில்லை. சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, கண்ணில் பட்ட ஒடுக்குகளையெல்லாம் வட்டமிடத் தொடங்கினார்.

"அதெல்லாம் பழசுங்க!" என்றேன்.

"இன்னா மேடம், இத்தினி டிஃபெக்ட்ட வெச்சிகினு வண்டிய வெளிய வுட்ருவோமா?"

அதற்குள் அவர்கள் பஸ் வந்துவிட்டது. நான் வட்டங்களோடு வீடு வந்தேன்.

"ஒரே பள்ளத்துலயா இவ்ளோ அடி?" என்று கத்திக்கொண்டிருக்கிறார் கணவர்.

அத்தனையும் அவர் ரிவர்ஸ் எடுத்த லட்சணம். நானே சொல்லட்டுமா, சாக்பீஸ்காரரைக் கூட்டிவரட்டுமா?