தீ சுட்டும் தெரியாத கை

இதை எழுத வேண்டும் என்று நினைத்து எத்தனையோ ஆண்டுகள் தள்ளிப் போட்டுவிட்டேன். எழுதினால் என் தப்பையும் சேர்த்து எழுத வேண்டும். இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் முருகன் என்னை மன்னிக்க மாட்டான்.

அக்கா கெலாங் பாத்தா என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தாள். தகரத் தகடு ஒன்று அவள் வலது மணிக்கட்டைக் கிழித்தது. கிளினிக்கில் தோலைத் தைத்து, இரண்டு நாள் எம்.சி. லீவு கொடுத்து அனுப்பினார்கள். விரலைத் தொட்டு, தெரிகிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. தையல் பிரித்த பிறகும் கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் மரத்தே கிடந்தன. தானாக வந்துவிடும் என்றார்கள். திருகாணி கை நழுவி விழும்போதெல்லாம் சூப்பர்வைசர், "தையல்தான் ஆறிருச்சே, இன்னும் என்ன நடிப்பு லா?" என்று எல்லார் முன்னாலும் கேட்பாராம். அக்கா அழுதுகொண்டே சொன்னபோது, வேலைக்குச் சோம்பல்படுகிறாள் என்றுதான் நானும் நினைத்தேன்.

சில மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, முருகன் கோயிலில் திருநீறு வாங்க இடது கையை நீட்டினாள். முந்திய வாரம் வலது கையில் வாங்கியது விரலிடுக்கில் கொட்டிப் போயிருந்தது. சாமி திருநீறு மிதிபடுமே என்ற பயம் அவளுக்கு. கோயில் செயலாளர், "ஏம்மா, சோத்துக்கைய வாடகைக்கு விட்டுட்டியா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அவமானம் பொறுக்கவில்லை. அவள் வலது கையைப் பிடித்துத் தீபாராதனைத் தட்டுக்குள் தள்ளினேன். ஆள்காட்டி விரல் கற்பூரச் சுடரிலேயே கிடந்தது. அக்கா கையை இழுக்கவில்லை. சாமியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோல் தீயும் வாடை வந்த பிறகுதான் நான் அந்தக் கையை எடுத்தேன். "என்னடா தம்பி, என்ன வாடை?" என்று என்னையே கேட்டாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கோபத்தை அடக்கிக்கொண்டுதான் பேசினார். உள்ளே நரம்பு அறுந்திருக்கிறது, அன்றே பார்த்திருந்தால் இரண்டு முனைகளையும் நேராகச் சேர்த்துத் தைத்திருக்கலாம், இப்போது முனைகள் விலகிவிட்டன என்றார். காலிலிருந்து ஒரு நரம்பை எடுத்து நடுவில் வைத்துத் தைத்தார்கள். அதன் வழியாகப் புது நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் போலத்தான் வளருமாம். போகும்போதெல்லாம் டாக்டரம்மா அவள் கையைத் தட்டிப் பார்ப்பார். கரண்ட் அடித்தது போல் சுள்ளென்கிற இடம் மாதா மாதம் கொஞ்சம் விரல் பக்கம் இறங்கியது. கடைசியில் சூடும் குளிரும் தெரிந்தன. ஆனால் நரம்பு வந்து சேரும்வரை சதை காத்திருக்கவில்லை. கட்டைவிரல் மேடு வற்றியது வற்றியதுதான். இன்றும் அக்காவால் ஒரு பொத்தான் போட முடியாது.

ஒரு பெண் தன் கையைப் பற்றித் தானே சொன்னாள். அதை நம்ப எங்களுக்கு என்ன சாட்சி வேண்டியிருந்தது? தீயா?

வெட்டுக்காயம் பட்டு விரல் மரத்துப்போனால், நரம்பு அறுந்திருக்கிறதா என்று அன்றே கேளுங்கள். தோல் ஆறியதை நம்பாதீர்கள். இதை மற்றவர்களுக்கும் சொல்லுங்கள், ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள். எழுதியதை அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். "நீ கையத் தள்ளினத மட்டும் எடுத்திருடா" என்றாள். நான் எடுக்கவில்லை. நீங்களும் எடுக்காதீர்கள்.